தகரப் பெட்டியில் ஒரு ஏகாதசி

அம்மாவின் தகரப் பெட்டியில் வீட்டுப் பத்திரத்துக்கும் பழைய ரேஷன் கார்டுக்கும் நடுவே ஒரு காலண்டர் தாள் இருக்கிறது. தினம் ஒன்றாகக் கிழிக்கிற வகை. மேல்விளிம்பு பிசிறாகக் கிழிந்திருக்கும். 25 மார்ச் 2006, சனிக்கிழமை. அப்பா அன்று மாலை ஏழரை மணி வாக்கில் இறந்தார். உடல் வீட்டுக்கு வந்து, ஆட்கள் வரத் தொடங்கி, யாரோ நாற்காலி வாடகைக்குச் சொல்லப் போயிருந்த நேரம். பெரிய அத்தை அழுகையை நிறுத்திவிட்டு நேராகச் சுவர்ப் பக்கம் போய் அந்தத் தாளைக் கிழித்தார், நாலாக மடித்தார், அம்மா கையில் திணித்தார். "பத்திரமா வச்சுக்க. வருஷா வருஷம் கேப்பாங்க."

அந்த உள்ளங்கை அகலத் தாளில் ஒரே நாளுக்கு ஐந்தாறு பெயர்கள். நடுவில் பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதி. மேலே பார்த்திப வருஷம், பங்குனி மாதம். கீழே பொடி எழுத்தில், காலை தசமி, பின்பு ஏகாதசி. உத்திராடம், பின்பு திருவோணம். இன்னொரு மூலையில் ஸஃபர் மாதத்துப் பிறை எண். இவற்றில் "பின்பு ஏகாதசி" என்பதன் கீழ் மட்டும் அம்மா பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறார். ஏகாதசி மரணம், துவாதசி தகனம் யாருக்குக் கிடைக்கும் என்று வந்தவர்கள் சொல்லிச் சொல்லி ஆறுதல்படுத்தியதில், அந்தக் கோடு அம்மாவுக்குக் கொஞ்சம் பெருமையாகவே ஆகிப்போனது.

முதல் வருஷத் திதியிலேயே சிக்கல் வந்தது. 2007 பங்குனியில் தேய்பிறை ஏகாதசி இரண்டு முறை விழுந்தது. மார்ச் 15ஆம் தேதி ஒன்று, அப்போதுதான் பங்குனி பிறந்திருந்தது. ஏப்ரல் 13ஆம் தேதி இன்னொன்று, அது பங்குனியின் கடைசி நாள். இடையில் வந்த மார்ச் 25 வளர்பிறையில் போய் நின்றது. நியூ ஜெர்சியிலிருந்து தம்பி கேட்டான்: "அண்ணே, அப்பா தவறினது மார்ச் 25. இதுல என்ன குழப்பம்?" ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் எங்களுக்கு வழக்கமாகத் திதி கொடுத்து வைக்கும் ஐயர் குழம்பவே இல்லை. "ரெண்டு வந்தா பின்னாடி வர்றதை எடுத்துக்கணும்மா" என்றார். எடுத்துக்கொண்டோம். தம்பி அங்கே மார்ச் 25 அன்று படத்துக்கு விளக்கேற்றினான். அப்பாவுக்கு அந்த வருஷம் இரண்டு நாள்.

இறந்தவரை நினைப்பது மனசின் வேலை. எந்த நாளில் நினைப்பது என்பது வானவியலின் வேலை. அன்று வந்த குழப்பத்தில்தான் எனக்கு இந்த இரண்டாவது வேலையின் மேல் பித்துப் பிடித்தது.

திதி என்பது ஒரு கோணம். பூமியிலிருந்து பார்க்கையில் சூரியன் ஒரு திசையில் இருக்கிறது, சந்திரன் ஒரு திசையில் இருக்கிறது. இரண்டும் ஒரே திசையில் சேர்ந்தால் அமாவாசை. அங்கிருந்து சந்திரன் விலகி ஓடத் தொடங்கும். 12 பாகை விலகும்வரை பிரதமை, 24 வரை துவிதியை, இப்படியே 180 பாகையில் பௌர்ணமி நிறைவு. பிறகு மறுபக்கமாகச் சுற்றி வந்து சூரியனைத் திரும்பப் பிடிக்கும்போது 360 பாகை, 30 திதி. கடிகாரத்தின் பெரிய முள் சின்ன முள்ளைப் பிடிப்பது போலத்தான். இந்த ஒரு துரத்தலுக்கு ஆகும் காலம் சராசரியாக 29.53 நாள். அதை 30ஆல் வகுத்தால் ஒரு திதிக்கு 23 மணி 37 நிமிடம். நம்முடைய நாளைவிட 23 நிமிடம் குட்டை. அதனால்தான் எந்தத் திதியும் விடியலில் தொடங்கி விடியலில் முடிவதில்லை. காலண்டரில் "பின்பு" என்ற சொல் இல்லாத நாளே அபூர்வம்.

அந்த 23 மணி 37 நிமிடமும் வெறும் சராசரிதான். சந்திரன் ஓடுவது நீள்வட்டத்தில். பூமிக்கு அருகே வரும்போது வேகம், தள்ளிப் போகும்போது நிதானம். வேகமான திதி ஏறத்தாழ 20 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சோம்பல் திதி 26 மணி நேரத்துக்கு மேலும் இழுக்கும். அப்பாவின் ஏகாதசி வேக ரகம். அந்த மார்ச் 28ஆம் தேதி சந்திரன் பூமிக்கு மிக அருகே வரவிருந்தது. அதனால் 25ஆம் தேதி காலை ஒன்பதரை மணி வாக்கில் தொடங்கிய ஏகாதசி மறுநாள் விடிகிற நேரத்தில் முடிந்துபோயிருந்தது. அவ்வளவு சின்ன இடைவெளியில் அப்பா போய்ச் சேர்ந்திருக்கிறார்.

இரண்டு நாளில் பரவிக் கிடக்கிற திதியை எந்த நாளுக்குக் கொடுப்பது? அதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். பகலை ஐந்தாகப் பிரித்து நான்காவது பங்குக்கு அபராஹ்ணம் என்று பெயர். ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு இருட்டும் நாளில் அது பிற்பகல் 1.12 முதல் 3.36 வரை. அந்த நேரத்தில் எந்தத் திதி ஓடுகிறதோ அந்த நாள்தான் திவசத்துக்கு. இதில் தம்பிக்கு வேறொரு தலைவலி காத்திருந்தது. கோணம் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான். ஏகாதசி திருச்சியில் தொடங்கும் அதே கணத்தில் நியூ ஜெர்சியிலும் தொடங்குகிறது. ஆனால் அங்கே பிற்பகல் வர இன்னும் ஒன்பதரை மணி நேரமோ பத்தரை மணி நேரமோ ஆகும். அதற்குள் திதி மாறிவிட்டால் அண்ணனுக்கு ஒரு தேதி, தம்பிக்கு ஒரு தேதி. அமெரிக்க நகரங்களுக்கென்று தனித்தனியாகப் பஞ்சாங்கம் கணிப்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, ஒரே மாதத்தில் இரண்டு ஏகாதசி எப்படி வந்தது? நம் தமிழ் மாதம் சூரியனுடையது. பங்குனி ஏறக்குறைய முப்பதரை நாள். 29.53 நாளுக்கொரு முறை திரும்பி வருகிற ஏகாதசி, பங்குனியின் முதல் நாளிலேயே வந்துவிட்டால் கடைசி நாளில் இன்னொரு முறை தலைகாட்டும். எதிர்ப்பக்கமும் நடக்கும். ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகே இருப்பதால் வேகமாக ஓடுகிறது. மார்கழி 29 நாள் சொச்சத்தில் முடிந்துவிடும். அதில் ஏதாவது ஒரு திதி வராமலே போகலாம். ஆனியில் பூமி நிதானமாக நகர்வதால் மாதம் 32 நாள்வரைகூட நீளும். அங்கே திதிகள் இரட்டித்து வருவது சகஜம்.

மலையாளிகள் இந்தத் தொல்லையைப் பார்த்துத்தானோ என்னவோ, திதியை விட்டுவிட்டு இறந்த நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நட்சத்திரம் 27.32 நாளுக்கொரு முறை வரும். எவ்வளவு குட்டையான மாதமானாலும் அதில் ஒரு முறையாவது வந்தே தீரும், தவறவே தவறாது. நம் சைவர்களும் நாயன்மார் குருபூஜைக்கு இந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள். அப்பருக்குச் சித்திரைச் சதயம், சம்பந்தருக்கு வைகாசி மூலம், சுந்தரருக்கு ஆடிச் சுவாதி. மூன்றும் அவர்கள் சிவனடி சேர்ந்த நாள். வைணவர்கள் ஆழ்வார்களுக்குக் கொண்டாடும் திருநட்சத்திரமோ பிறந்த நாள். நம் கோயில்களில் ஒரு தெரு தள்ளினால் நினைவின் திசையே மாறிவிடுகிறது.

இந்தக் கணக்கையெல்லாம் கையில் தாள்கூட இல்லாமல் போட்டவர்கள் இருந்தார்கள். சென்னை வானாய்வகத்தில் சில காலம் பொறுப்பில் இருந்த ஜான் வாரன் 1825இல் 'காலசங்கலித' என்றொரு பெரிய புத்தகம் போட்டார். அதில் புதுச்சேரியில் தான் கண்ட ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளை ஒப்பித்தபடியே சோழிகளை நகர்த்தி, அந்த ஆண்டு மே 31 இரவில் வந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை வெறும் 4 நிமிடம். முடியும் நேரத்தில் ஏறக்குறைய 50 நிமிடம். அவர் ஒப்பித்தவை 'வாக்கியங்கள்'. சந்திரன் ஒன்பது முறை பூமிக்கு அருகே வந்து போக 248 நாள் ஆகும். அந்த 248 நாளுக்கும் நாளுக்கு ஒன்றாக, சந்திரன் இருக்கும் இடத்தைச் சொற்களுக்குள் எண்ணாக ஒளித்துவைத்த சின்னச் சின்னத் தொடர்கள். வரருசி செய்ததாக மரபு சொல்லும். இன்றைக்கும் வாக்கியப் பஞ்சாங்கம் என்று நாம் சொல்வது அந்தப் பரம்பரைதான். நவீன வானவியல்படி திருத்திக் கணிப்பது திருக்கணிதம். இரண்டுக்கும் திதியில் சில மணி நேரம் முன்பின் வரும். அதை வைத்துச் சண்டை போட்டுக்கொண்ட குடும்பங்கள் உண்டு. எங்கள் வீட்டில் வாக்கியம். யாரும் தேர்ந்தெடுத்ததில்லை, அந்தக் காலண்டர்தான் மளிகைக் கடையில் இலவசமாகக் கிடைத்தது.

12 சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள் சொச்சம். சூரிய ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் குறை. அதனால் அப்பாவின் திதி ஆங்கிலக் காலண்டரில் ஒரு வருஷம் 11 நாள் முன்கூட்டியே வரும், இன்னொரு வருஷம் 19 நாள் வாக்கில் தள்ளிப் போகும். மார்ச் 25ஐ அது திரும்பத் தொடவே தொடாதா என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தொடும். 235 சந்திர மாதங்களைக் கூட்டினால் 6939.69 நாள். 19 சூரிய ஆண்டுகளைக் கூட்டினால் 6939.60 நாள். இரண்டு மணி நேர வித்தியாசத்தில் இரண்டும் ஒன்றாகின்றன. 19 ஆண்டுகளில் சந்திரன் நட்சத்திர மண்டலத்தை 254 முறை சுற்றியும் முடித்துவிடுகிறது. ஆகவே 19ஆம் ஆண்டில் தேதி, திதி, நட்சத்திரம் மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். கிரேக்கத்தில் மேட்டன் என்பவர் பெயரால் இதைச் சொல்வார்கள். அவர் ஏதென்ஸில் இதை அறிவித்தது கி.மு. 432இல். பாபிலோனியருக்கும் இது தெரிந்திருந்தது.

25 மார்ச் 2025, செவ்வாய்க்கிழமை. குரோதி வருஷம், பங்குனி, தேய்பிறை ஏகாதசி, மாலையில் திருவோணம். தம்பியும் நாங்களும் அப்பாவை ஒரே தேதியில் நினைத்தது அந்த வருஷம்தான். அன்று இரவு அம்மா புதுத் தாளையும் கிழித்துத் தரச் சொல்லி, பழைய தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கிழமையையும் வருஷத்தின் பெயரையும் தவிர எல்லாம் அப்படியே இருந்தன. இன்னும் ஒன்று மாறியிருந்தது, அது மூலையில் இருந்த இஸ்லாமிய மாதம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

யூதர்களுக்கும் இந்த 19தான் அச்சாணி. பெற்றோர் இறந்த நாளை அவர்கள் யார்ட்சைட் என்பார்கள். இத்திஷ் மொழியில் 'ஆண்டின் வேளை' என்று பொருள் கொள்ளலாம். அதைத் தங்கள் சந்திர மாதப்படிதான் பார்க்கிறார்கள். அவர்கள் நாள் சூரியன் மறையும்போது தொடங்குவதால், முதல் நாள் மாலையே 24 மணி நேரம் எரியக்கூடிய ஒரு மெழுகுவர்த்தியைக் கண்ணாடிக் குவளையில் ஏற்றி வைப்பார்கள். பஸ்கா பண்டிகை வசந்தத்தில்தான் வர வேண்டும் என்பது அவர்கள் வேதத்தின் கட்டளை. சந்திர மாதங்களை அப்படியே விட்டால் பண்டிகை மெல்ல நழுவிக் குளிர்காலத்துக்குப் போய்விடும். எனவே 19 ஆண்டுகளில் 7 ஆண்டுகளுக்குப் பதின்மூன்றாவதாக ஒரு மாதத்தைச் செருகுகிறார்கள். அதார் என்ற மாதம் அந்த ஆண்டுகளில் இரண்டாகிவிடும். சாதாரண ஆண்டின் அதாரில் இறந்தவருக்கு, இரண்டு அதார் வரும் ஆண்டில் எது நாள்? எங்கள் 2007 சிக்கலேதான். ஸ்பெயின் வழி வந்த மரபினர் இரண்டாவது அதார் என்கிறார்கள், எங்கள் ஐயரைப் போல. ஜெர்மனி, போலந்து வழி வந்தவர்களின் வழக்கம் முதல் அதார். வம்பே வேண்டாம் என்று இரண்டிலும் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அவர்களிடம் என்னைக் கவர்ந்த இன்னொரு கணக்கும் உண்டு. பெற்றோருக்காகப் பிள்ளைகள் தினமும் சொல்லும் கதீஷ் என்ற துதியை, அதில் சாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, 11 மாதம் மட்டும் சொல்வார்கள். ஏன் முழு ஆண்டும் இல்லை? தீயவர்களுக்கு நரகத் தண்டனை 12 மாதம் என்பது அவர்கள் பழைய நூலின் கூற்று. முழுக்கப் பன்னிரண்டு மாதமும் பிரார்த்தித்தால் அப்பாவைத் தீயவர் என்று பிள்ளையே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒரு மாதத்தை விட்டுக்கொடுப்பது பெற்றவருக்கு மரியாதை.

இஸ்லாமியர் நேர் எதிர்த் திசை. மாதம் செருகும் பழைய அரபு வழக்கத்தைக் குர்ஆன் தடுத்துவிட்டது. ஆண்டு 354 நாளோ 355 நாளோ, அவ்வளவுதான். அவர்கள் தேதிகள் பருவங்களினூடே பின்னோக்கி நடந்து 33 ஆண்டுகளில் ஒரு சுற்று முடிக்கும். சூஃபி ஞானி ஒருவரின் நினைவு நாளுக்கு உரூஸ் என்று பெயர். அரபியில் அது திருமணத்தைக் குறிக்கும் சொல். இறைவனோடு சேர்ந்த நாள் ஆயிற்றே. நாகூர் ஆண்டவர் கந்தூரி ஜமாதுல் ஆகிர் மாதத்தில் 14 நாள் நடக்கிறது. 2008இல் ஜூன் வெயிலில் வந்த கந்தூரி 2025இல் கார்த்திகை மழையில் வந்தது. பாரசீகக் கவி ரூமி இறந்ததும் அதே மாதத்தில்தான், ஹிஜ்ரி 672 ஜமாதுல் ஆகிர் பிறை 5. ஆனால் துருக்கியில் கோனியா நகரத்தார் அவருடைய 'திருமண இரவை' ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 17க்கு நிறுத்திவிட்டார்கள். ஓட்டல் புக்கிங்குக்கு வசதி. வேடிக்கை என்னவென்றால் 1273 டிசம்பர் 17 என்பது பழைய ஜூலியன் காலண்டர் தேதி. இன்றைய காலண்டரில் எண்ணினால் அது டிசம்பர் 24.

இப்போது அந்த மூலை. 2006 தாளில் ஸஃபர், அது இரண்டாவது மாதம். 2025 தாளில் ரமலான், ஒன்பதாவது மாதம். அன்று மாலை எங்கள் தெருப் பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி வந்திருந்தது. 19 ஆண்டுகளில் ஏழு மாதம் முன்னே போயிருக்கிறது. யூதர்கள் 19 ஆண்டுகளில் செருகுகிறார்களே, அந்த ஏழு. ஒருவர் செருகி நிறுத்துவதை இன்னொருவர் செருகாமல் ஓட விடுகிறார். அம்மாவின் இரண்டு தாளுக்கு நடுவே அந்தக் கழித்தல் கணக்கு அச்சாகிக் கிடந்தது. அதைப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

சூரியக் காலண்டரை நம்பியவர்களுக்கு நிம்மதி என்று நினைக்க வேண்டாம். அவிலா புனித தெரேசா ஸ்பெயினில் இறந்தது 1582 அக்டோபர் 4ஆம் தேதி இரவு. மறுநாள் காலை தேதி அக்டோபர் 15. ஜூலியன் காலண்டரில் சேர்ந்துவிட்ட பிழையைச் சரிசெய்ய போப் கிரகோரி பத்து நாளை வெட்டி எறிந்தது சரியாக அந்த இரவில். இப்போது அவர் திருநாள் அக்டோபர் 15. ஆதித் திருச்சபையினர் வேதசாட்சிகள் இறந்த நாளைப் பிறந்த நாள் என்றே அழைத்தார்கள். தெரேசா பிறந்த அந்த இரவுக்கு ஒரு ஓரத்தில் 4, மறு ஓரத்தில் 15. எல்லோருக்கும் சேர்த்து ஒரு நாள் என்று நவம்பர் 2ஐ ஏற்படுத்தியது கி.பி. ஆயிரத்தை ஒட்டி பிரான்ஸில் குளூனி மடத்தின் தலைவர் ஒடிலோ. நம் ஊர்க் கல்லறைத் திருநாள் அதுவே. சுண்ணாம்பு அடித்த கல்லறைகளில் அன்று குவிகிற மஞ்சள் துலுக்கசாமந்தி மெக்சிகோவிலிருந்து வந்த செடி. மெக்சிகோவில் அதே நாளில் இறந்தவர்களுக்கு வழிகாட்ட வீட்டு வாசல் வரை உதிர்த்துப் போடுவதும் அதே பூ.

காலண்டரை மாற்றியதில் இறந்தவர்கள் மூன்றாகப் பிரிந்துபோன நாடு ஜப்பான். முன்னோர்கள் வீட்டுக்கு வரும் ஓபோன் பண்டிகை பழைய ஏழாம் மாதத்தின் 15ஆம் நாள், அதாவது பௌர்ணமி. 1873 ஜனவரி 1 அன்று மெய்ஜி அரசு மேற்கத்தியக் காலண்டருக்குத் தாவியது. டோக்கியோக்காரர்கள் ஏழாம் மாதம் என்றால் இனி ஜூலைதானே என்று ஜூலை நடுவில் கொண்டாடத் தொடங்கினார்கள். ஜூலையில் வயல்வேலை, மற்ற ஊர்க்காரர்கள் ஒரு மாதம் தள்ளி ஆகஸ்ட் நடுவில் வைத்துக்கொண்டார்கள். ஒகினாவா தீவினர் இன்னும் சந்திரனையே பார்க்கிறார்கள். அவர்களுக்குச் சில ஆண்டுகள் செப்டம்பரில் வரும். மற்றவர்களுக்கு ஓபோன் நிலவு இப்போது எந்தப் பிறையிலும் இருக்கலாம். மாறாதது அந்தக் குதிரையும் மாடும். வெள்ளரிக்காயில் நாலு குச்சி செருகினால் குதிரை. கத்தரிக்காயில் நாலு குச்சி செருகினால் மாடு. முன்னோர்கள் வரும்போது குதிரையில் விரைந்து வர வேண்டும். போகும்போது மாட்டின் மேல் மெல்லப் போக வேண்டும். இவ்வளவு அன்பான கணக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சீனர்கள் கல்லறையைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் சிங்மிங் நாளுக்குச் சந்திரனைக் கேட்பதே இல்லை. சூரியன் வசந்த விஷுவத்திலிருந்து 15 பாகை நகர்ந்த நாள், ஏப்ரல் 4 அல்லது 5, முடிந்தது. மடகாஸ்கர் மலைநாட்டு மக்களுக்கு ஆண்டுக் கணக்கே கிடையாது. ஐந்தோ ஏழோ ஆண்டுகளுக்கொரு முறை, கையில் காசு சேர்ந்ததும், குளிர்ந்த வறண்ட மாதங்களில் கல்லறையைத் திறந்து எலும்புகளுக்குப் புதுப் பட்டுச் சுற்றிக் கூத்தாடிவிட்டுத் திரும்ப வைப்பார்கள். நாள் குறித்துக் கொடுக்கும் சோதிடருக்கு அவர்கள் மொழியில் ம்பனாந்த்ரோ என்று பெயர். நாளைச் செய்பவர் என்று அர்த்தமாம்.

எத்தனை காலம் நினைப்பது? ஜப்பானில் 33ஆம் ஆண்டு, சில இடங்களில் 50ஆம் ஆண்டு, கடைசிச் சடங்கு. அதற்குப் பின் இறந்தவர் தன் பெயரை இழந்து பொதுவான முன்னோர் கூட்டத்தில் கரைந்துவிடுகிறார். நம்மில் தர்ப்பணம் மூன்று தலைமுறைக்கு: அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. அப்பா இறந்து அந்த வரிசையில் சேரும்போது மேலே இருக்கும் நான்காமவர் பெயர் கழன்றுகொள்கிறது. கண்ணால் பார்த்தவர்கள் எல்லாம் தீர்ந்துபோகிற காலம்வரை என்று இரண்டு நாட்டாரும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

அதுவரைக்குமாவது திதி தொலையாமல் இருக்க வேண்டுமே. யாழ்ப்பாணத்தார் இதற்கு வைத்திருக்கும் ஏற்பாட்டைப் பார்த்தபோது எங்கள் தகரப் பெட்டி சின்னதாகத் தெரிந்தது. அங்கே ஒருவர் இறந்தால் 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். அதற்குக் கல்வெட்டு என்றே பெயர், காகிதத்தில் இருந்தாலும். உள்ளே வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, தேவாரம், புலம்பல். முதல் பக்கங்களில் ஒரு திதி வெண்பா. நாலே அடி. அதற்குள் அறுபதாண்டுச் சுற்றில் வருஷத்தின் பெயர், மாதம், வளர்பிறையா தேய்பிறையா, திதி, இறந்தவர் பெயர், ஊர், எல்லாம் தளை தட்டாமல் அடங்கிவிட வேண்டும். ஊரில் ஒரு புலவருக்கு இதுவே வேலை. வெண்பா மனதில் தங்கும். பேரன் புத்தகத்தைத் தொலைத்தாலும் திதியைத் தொலைக்க மாட்டான். புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் சந்திரனைச் சொற்களில் ஒளித்துவைத்திருந்ததும் இதே நம்பிக்கையில்தான். இப்போது இணையத்தில் நூலகம் தளத்தில் அந்தப் புத்தகங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒரு மழை நாளில் திறந்துவைத்துக்கொண்டு வெண்பாக்களை மட்டும் படித்துக்கொண்டே போனேன். ஒவ்வொன்றிலும் ஒரு நிலவு, அது எவ்வளவு தேய்ந்திருந்தது என்பது உட்பட.

ஊரே சேர்ந்து அழும் சாவுகளுக்கு யாரும் திதி பார்ப்பதில்லை. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, அன்று பௌர்ணமி. ஆனால் நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் ஒவ்வோர் ஆண்டும் கடலில் பால் ஊற்றுவது ஆங்கிலத் தேதி 26இல்தான். இறந்தவர்களில் மூன்று மதத்தாரும் இருந்தார்கள். எல்லோருக்கும் பொதுவாக அந்தக் காலண்டர் தாளில் இருந்தது நடுவில் உள்ள அந்தப் பெரிய எழுத்து மட்டுமே.

நாளே தெரியாதவர்களுக்கு? நாஜி முகாம்களில் இறந்தவர்களில் பலருக்கு நாள் தெரியாது. இஸ்ரேலின் தலைமை ரபிகள் அவர்களுக்கென்று தேவேத் மாதம் 10ஆம் நாளைப் பொது கதீஷ் நாளாக வைத்தார்கள். நம்மிடம் அதற்கு மகாளய அமாவாசை. ஈழத்து வடக்கில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் படங்களைக் கையில் பிடித்துத் தெருவோரப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மகாளயமும் உதவாது. திதி கொடுத்தால் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

எங்கள் வீட்டிலும் ஒருவர் உண்டு. அம்மாவின் பெரியப்பா. ரங்கூனில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். ஜப்பான் குண்டு போட்டதும், 1942இல் ஆயிரக்கணக்கான தமிழர்களோடு காட்டு வழியாக நடந்து கிளம்பினார் என்பதுவரை தெரியும். நடந்து வந்து சேர்ந்தவர்கள் யாராவது ஊருக்குத் திரும்பினால் என் கொள்ளுப்பாட்டி கட்டுச்சோற்றோடு போய் விசாரித்துவிட்டு வருவாராம். புரட்டாசியில் மகாளய அமாவாசை அன்று மாமா அம்மா மண்டபத்தில் எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது, வரிசையில் கடைசியாக அவர் பெயரும் வரும். "திதி?" என்று புது ஐயர் யாராவது கேட்டால் மாமா தலையை மட்டும் ஆட்டுவார்.

தகரப் பெட்டியின் அடியில் அவர் போட்ட ஒரு கார்டு கிடக்கிறது. மணியார்டர் அனுப்பியிருக்கிறேன், கிடைத்ததும் பதில் போடவும் என்று மூன்று வரி. தபால் முத்திரையில் டிசம்பர் 1941 தெளிவாக விழுந்திருக்கிறது. நாள் இருக்க வேண்டிய இடத்தில் மை பரவியிருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்து நானும் பார்த்திருக்கிறேன். 8ஆகவும் இருக்கலாம், 18ஆகவும் இருக்கலாம்.